முள்ளு காட்டுறது அசல், வட்டி உன் தலையில

வாங்க விமானி சார். திண்ணையில உக்காந்தா சட்டை கசங்கிடாதே? உங்க அம்மா மணிக்கூண்டுல ஆரம்பிச்சு சோலை நகர் வரைக்கும் ஒரு வீடு விடாம சொல்லிட்டா, ‘எங்க புள்ள ஏரோப்ளேன் ஓட்டுது’ன்னு. ஓட்டு ராஜா, நல்லா ஓட்டு. வடக்க போயி, லட்ச லட்சமா கட்டி, தோள்ல பட்டையும் வாங்கிக்கிட்டு வந்திருக்க. நான் கேட்டது ஒரே கேள்வி. 7,000 அடியில பறக்கிற, வேகம் காட்டுற முள்ளு 110 நாட் காட்டுது, நெச வேகம் இன்னாடா? கேட்ட உடனே கை பாக்கெட்டுக்குப் போச்சு பாரு, போனை எடுக்க! அடடா, அதுல மட்டும் என்னா வேகம்.

அதனால கிழவன் புத்திமதி சொல்றேன், கேட்டுக்க. கணக்கே போடாத. மனக்கணக்கு போட்டா முடி கொட்டும், என் தலையைப் பாரு. பொட்டி சொல்லும், திரை சொல்லும், பக்கத்து சீட்டு கேப்டன் சொல்லுவாரு. மூணு பேரும் ஒண்ணா வாயை மூடிக்கிட்டா என்ன பண்றதுன்னு கேக்கறியா? சீச்சீ, நல்ல நாளும் அதுவுமா அப்படிப் பேசலாமா? ஆனாலும் பொழுது போகணுமில்ல. தறிக் கணக்கு எழுதின கை, கொஞ்சம் ஆகாசக் கணக்கும் எழுதிப் பாக்கட்டும்.

முதல்ல அந்த முள்ளுக்கு ஆகாரம் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுக்க. றெக்கைக்கு அடியிலயோ மூக்குக்குப் பக்கத்துலயோ விரல் மொத்தத்துல ஒரு குழாய் முன்னால பாத்து நீட்டிக்கிட்டிருக்கும். பித்தோ குழாய். ஆன்ரி பித்தோன்னு ஒரு பிரெஞ்சு எஞ்சினியர். 1732-ல பாரிஸ் சேன் ஆத்துல தண்ணி எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாக்க, வளைஞ்ச குழாயை ஆத்துக்குள்ள விட்டு, ஓட்டத்துக்கு எதிரா வாயைக் காட்டினாரு. தண்ணி குழாய்க்குள்ள எவ்ளோ உயரம் ஏறுதோ, அதை வச்சு வேகத்தைச் சொன்னாரு. துப்ளேக்ஸ் நம்ம புதுச்சேரிக்கு கவர்னரா வர்றதுக்குப் பத்து வருஷம் முந்தி நடந்த சமாசாரம். ஏரோப்ளேன்னு ஒண்ணு வரும்னு அந்த மனுஷன் கனவுகூட கண்டிருக்க மாட்டாரு. நீயும் இன்னிக்கு அதே குழாயைத்தான் நம்பிக்கிட்டு மேல போற.

இப்பக் கேளு. குழாய் வேகத்தை அளக்கல, காத்து மோதுற அழுத்தத்தை அளக்குது. கீழ காத்து கெட்டி. மேல போகப் போக அடர்த்தி குறையும், 22,000 அடியில ஏறக்குறைய பாதி. அதே வேகத்துல போனாலும் மோதல் கம்மி, முள்ளு கம்மியாத்தான் காட்டும். முள்ளு பொய் சொல்லுதுன்னு சொல்லாத. றெக்கைக்கு எது வேணுமோ அதைத்தான் அது சொல்லுது. றெக்கையைத் தூக்கறதும் அதே மோதல்தானே. ஆனா ஐதராபாத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவ, எண்ணெய் எவ்ளோ மிஞ்சும், இதெல்லாம் முள்ளுக்குத் தெரியாது. அதுக்கு நெச வேகம் வேணும்.

நெச வேகத்தைக் கண்டுபிடிக்க உங்க புஸ்தகத்துல வர்க்கமூலம், அடர்த்தி விகிதம்னு பெருசா எழுதி வச்சிருக்கான். ஒரு கையில ஸ்டீரிங், ஒரு காதுல ரேடியோ, இதுல வர்க்கமூலம் எங்க போடுவ? அதனால பழைய பைலட்டுங்க ஒரு குறுக்கு வழி வச்சிருக்காங்க. ஆயிரம் அடிக்கு நூத்துக்கு ரெண்டு. அவ்ளோதான். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது நம்ம அடகுக்கடை கணக்குடா! முள்ளு காட்டுறது அசல். ஆயிரம் அடி ஒரு மாசம். ரெண்டு வட்டி. தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. அசலும் வட்டியும் சேந்தா நெச வேகம். நகையை வச்சுட்டு வந்த அன்னிக்கே உங்க அம்மா இதை விரல் மடக்காம சொல்லுவா. அவ பெத்த புள்ள போனைத் தேடுது.

உன் 110-ஐயே எடுத்துக்க. 7,000 அடி, ஏழு மாசம், நூத்துக்கு 14. பத்துல ஒண்ணு 11. மிச்சம் நாலு சதத்துக்கு நாலு சொச்சம். ஆக மொத்தம் வட்டி 15, நெச வேகம் 125. 5,000 அடின்னா இன்னும் சுலுவு, பத்துல ஒண்ணு கூட்டு, 121. எங்க அப்பா எண்சுவடி ஒப்பிச்ச மனுஷன். அவரு இருந்திருந்தா சதவீதம்னே சொல்லியிருக்க மாட்டாரு. இருபதுல ஒரு பங்குக்கு ஒரு மா. ரெண்டாயிரத்து ஐநூறு அடிக்கு ஒரு மா, அஞ்சாயிரத்துக்கு ரெண்டு மா, பத்தாயிரத்துக்கு நாலு மா. அசலை இருபதால வகுத்து வச்சுக்கிட்டா அப்புறம் கூட்டல்தான். 200 நாட்டுக்கு ஒரு மா 10. பத்தாயிரத்துல நாலு பத்து, 240. இதுக்கு எதுக்குடா பொத்தான்?

உங்க பயிற்சிக்கூடத்துல இன்னொரு மந்திரம் சொல்லிக் குடுத்திருப்பாங்க. உயரத்தை நூறு அடிக் கணக்குல எடுத்து, பாதியாக்கி, முள்ளோட கூட்டுன்னு. 10,000 அடின்னா 100, அதுல பாதி 50. முள்ளு 250, ஆக 300. ஆகா ஓகோன்னு எழுதி வச்சுக்கிட்டிருப்ப. அது வேற மந்திரம் இல்ல கண்ணு, அதே ரெண்டு வட்டி, வேட்டி மாத்திக் கட்டிக்கிட்டு வந்திருக்கு. 250-க்கு ரெண்டு சதம் 5 நாட். ஆயிரத்துக்கு அஞ்சு கூட்டறதும், நூறுல பாதியை எடுக்கறதும் ஒண்ணுதானே? 10,000 அடிக்குக் கீழ 250-ஐத் தாண்டாதேன்னு பெரிய ஜெட்டுங்களுக்கெல்லாம் சட்டம் இருக்கிறதால, அந்தக் கணக்கு அவங்களுக்குப் பொருந்துது. 110-ல தத்திக்கிட்டுப் போற நீ அதைப் போட்டா, 10,000 அடியில 160 வரும். நெசத்துல 132. இருபத்தெட்டு நாட்டை எங்கேருந்து கொண்டு வருவ, சீதனமாவா? குறுக்கு வழி எங்க பொறந்துச்சுன்னு தெரியாதவன், தெரியாத ஊருக்குத்தான் போய்ச் சேருவான்.

இப்ப நீ முணுமுணுப்ப, எனக்குத் தெரியும். ‘தாத்தா, ரெண்டு சதம் சரியில்ல, கூடுதலா காட்டுது’ன்னு. படிச்சவனாச்சே! புஸ்தகத்துப்படி பாத்தா நீ சொல்றது சரிதான். 5,000 அடியில எட்டு சதம்கூட வரல. 10,000-ல 16 சதம்தான். 17,000-ல 30. ரெண்டு வட்டிக்காரன் 34 கேக்கறான், அநியாயம்தான். ஆனா அந்தப் புஸ்தகம் எந்த ஊரு காத்தை வச்சு எழுதினதுன்னு பாத்தியா? கடல் மட்டத்துல 15 டிகிரியாம். ஆயிரம் அடிக்கு ரெண்டு டிகிரி குறையுமாம். முத்தியால்பேட்டையில மார்கழி விடியக்காலையில குல்லா போட்டுக்கிட்டு கோலம் போடற பொம்பளைங்ககிட்ட கேளு, 15 டிகிரியை எப்பவாவது பாத்திருக்காங்களான்னு. உன் ரூம் ஏசி ரிமோட்டே 16-க்குக் கீழ இறங்கமாட்டேங்குது!

நம்ம காத்து சூடு. சூடான காத்து இன்னும் லேசு. லேசான காத்துல முள்ளு இன்னும் கம்மியா காட்டும், நெச வேகம் இன்னும் கூடும். அஞ்சு டிகிரி சூடு கூடினா ஒரு சதம்னு வச்சுக்க. பத்தாயிரம் அடியில புஸ்தகம் மைனஸ் 5 டிகிரின்னு சொல்லுது. நம்ம பக்கத்து ஆகாசத்துல அந்த உயரத்துல 10 டிகிரி சர்வ சாதாரணம். பதினஞ்சு டிகிரி கூடுதல், மூணு சதம் கூடுதல். பதினாறும் மூணும் பத்தொம்பது. வட்டிக்காரன் கேட்ட இருபதுக்குப் பக்கத்துல வந்துடுச்சு பாத்தியா?

நான் சும்மா வாயால சொல்லல. நீ தூங்கறப்ப உன் பையில இருந்த, கணக்குப் போடற வட்டத் தகட்டை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். அமெரிக்காவுல பிலிப் டால்டன்னு ஒருத்தர் 1930-கள்ல செஞ்ச சாமான், இன்னிக்கும் பயிற்சிப் பசங்க பையில கிடக்குது. சின்ன ஜன்னல்ல 10,000 அடிக்கு நேரா பத்து டிகிரி வர்ற மாதிரி நகத்தால தள்ளித் தள்ளி வச்சேன். உள் வட்டத்துல 100-ஐப் பாத்தேன். வெளி வட்டத்துல அதுக்கு நேரா 120-க்கு மயிரிழை முன்னால நிக்குது கோடு. கண்ணாடியைத் துடைச்சுட்டு இன்னொரு தடவை பாத்தேன், அதே இடம்தான். பதினேழாயிரத்துக்கும் அதே பதினஞ்சு டிகிரி கூடுதல் குடுத்துப் பாத்தேன், 134-ல வந்து உக்காந்துச்சு. குளிர் தேசத்துல கொஞ்சம் ஓட்டையா இருக்கிற கணக்கு, நம்ம வெயில்ல கச்சிதமா பொருந்துது. வெயிலை வெயிலைன்னு திட்டறியே, அது உனக்கு சும்மா கணக்கைத் திருத்திக் குடுக்குது.

இதை எல்லா இடத்துலயும் நீட்டாத. இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல ஜெட்டுல போறவங்க முள்ளை விட்டுட்டு, ஒலி வேகத்துல எத்தனை பங்குன்னு சொல்ற மாக் எண்ணைப் பிடிச்சுக்கறாங்க. அவங்க குறுக்கு வழி வேற. மாக் எண்ணைப் பத்தால பெருக்கினா, நிமிஷத்துக்கு எத்தனை கடல் மைல்னு உத்தேசமா வந்துடும். 0.8-ன்னா எட்டு மைல். கொஞ்சம் தாராளமான கணக்குதான், உசரத்துல குளிர் அதிகமானா எட்டுக்குக் கொஞ்சம் கீழதான் நிக்கும். அந்த வேலைக்கு நீ போறப்ப பாத்துக்கலாம்.

இப்ப நம்ம லாஸ்பேட்டை விமான நிலையத்து மேட்டுக்கு வருவோம். ஓடுபாதை 1,500 மீட்டர். நீட்டணும்னா பக்கத்துல தமிழ்நாட்டு நிலம் வேணும், அது ரெண்டு சர்க்கார் பேசித் தீக்க வேண்டிய வழக்கு, நம்ம ஆயுசுல முடிஞ்சா சந்தோஷம். அதனால விசிறி வச்ச விமானம்தான் வருது. 2024 டிசம்பர்ல இண்டிகோக்காரன் ஏ.டி.ஆர். விமானத்தைப் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விட ஆரம்பிச்சான். நீ ஒரு நாள் அதுல இடது பக்க சீட்டுல உக்காரணும்னுதானே உங்க அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கா? சரி, உக்காந்துட்டன்னே வச்சுக்குவோம். 17,000 அடி, முள்ளு 200. வட்டி 34 சதம், 68. நெச வேகம் 268. அந்த விமானத்தோட உச்ச வேகமே 275 வாக்குலதான், அதனால கணக்கு மானம் மரியாதையோட இருக்கு.

ஒரு நாட்டுன்னா மணிக்கு ஒரு கடல் மைல், அறுபதால வகுத்தா நிமிஷத்துக்கு நாலரை மைல். இந்த நாலரைதான் உன் கைக்காசு, பத்திரமா வச்சுக்க. ஐதராபாத் நேர்க்கோட்டுல ஏறத்தாழ 325 கடல் மைல். நாலரையால வகு, 72 நிமிஷம். ஏற, இறங்க, வரிசையில சுத்தன்னு மேல கொஞ்சம் போட்டுக்க. பயணிக்குக் கிலோமீட்டர்ல சொல்லணும்னா, நாட்டை ரெட்டிச்சு பத்துல ஒண்ணைக் கழி. 482-ன்னு வரும். நெசத்துல 496. பயணி ஒண்ணும் கோச்சுக்கமாட்டான், அவனுக்கு சமோசா வந்தா போதும்.

எதிர்க்காத்து 28 அடிச்சா 268-ல கழி, 240. நிமிஷத்துக்கு நாலு மைல். குறுக்குக்காத்துக்கு நம்ம மணிக்கூண்டை நெனச்சுக்க. காத்து உன் மூக்குக்கு எத்தனை டிகிரி சாஞ்சு வருதோ, அத்தனை நிமிஷம்னு வச்சுக்க. 15-ன்னா கால் மணி, காத்துல கால் பங்கு குறுக்க வரும். 30-ன்னா அரை. 45-ன்னா முக்கால். 60-ம் அதுக்கு மேலயும் முழுசு. 36 நாட் காத்து 30 டிகிரி சாஞ்சு வந்தா 18 குறுக்க. அந்த 18-ஐ உன் கைக்காசு நாலரையால வகு, நாலு. மூக்கை நாலு டிகிரி காத்துப் பக்கம் திருப்பு, நேராப் போவ. நெச வேகம் தெரியாதவனுக்கு இந்த நாலும் தெரியாது. கடல் பக்கமா நகந்துக்கிட்டே, ‘ஏன் ஐதராபாத் இன்னும் வரல’ன்னு கேட்டுக்கிட்டிருப்பான்.

எறங்கறதுக்கும் ஒரு கணக்கு. எத்தனை ஆயிரம் அடி எறங்கணுமோ, அதை மூணால பெருக்கு. அத்தனை மைல் முன்னாடியே எறங்க ஆரம்பி. ஒரு பொடி வச்சிருக்கேன், கவனி. 17,000 அடியில இருக்க, பெங்களூருக்கு எறங்கணும், எத்தனை மைல்? வேகமா 51-ன்னு சொல்லுவ. தப்பு. பெங்களூரு விமான நிலையத் தரையே 3,000 அடி உசரம். நீ எறங்க வேண்டியது 14,000 தான், 42 மைல். கடலோரத்துல பொறந்தவனுக்கு எல்லாத் தரையும் சைபர்லதான் இருக்கும்னு ஒரு நெனப்பு.

வட்டிக் கணக்கு கைவந்ததும் சில பசங்களுக்குத் தலைக்கு ஏறிடும். எறங்கறப்பவும் வட்டி போட்டு, அந்த வேகத்தை முள்ளுல தேடுவாங்க. அதை மட்டும் செய்யாத ராஜா. றெக்கை தூக்கறதும் கைவிடறதும் முள்ளு காட்டுற வேகத்துலதான், லாஸ்பேட்டையிலயும் சரி, லடாக்குலயும் சரி. லே விமான நிலையம் 10,682 அடியில இருக்கு. அங்கயும் முள்ளுல 130 வச்சுத்தான் எறங்கணும்னா 130 தான். ஆனா நாலு மா வட்டி தரைக்குத் தெரியும். சக்கரம் தொடறப்ப நெச வேகம் 156 வாக்குல இருக்கும். வேகம் அஞ்சுல ஒரு பங்கு கூடினா, பிரேக் தாங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு ஆகும். ஏன்னா அங்க வேகத்தை வேகத்தாலயே பெருக்கணும். முள்ளு சாதுவா நிக்குதேன்னு நீயும் சாதுவா இருந்தா, ஓடுபாதை முடிஞ்சு போயிடும்.

கடைசியா, விளையாட்டை விட்டுட்டு ஒண்ணு சொல்றேன். நம்ம வீட்டு ஜன்னல் கட்டையில ஓட்டை இருந்தா குளவி மண்ணைக் கொண்டாந்து அடைக்குமில்ல? 1996 பிப்ரவரி 6, டொமினிகன் குடியரசுல புவேர்த்தோ பிளாத்தான்னு ஒரு ஊரு. பித்தோ குழாய்க்கு உறை போடாம பல நாள் நிறுத்தி வச்சிருந்த போயிங் 757 கிளம்புச்சு. குழாயை எது அடைச்சுதுன்னு கடைசி வரைக்கும் எடுத்துப் பாக்க முடியல. குளவிக் கூடாத்தான் இருக்கும்னு விசாரணை சொல்லுச்சு. முள்ளு ஒண்ணு சொல்லுது, விமானம் வேற பண்ணுது. எதை நம்பறதுன்னு தெரியாம கடல்ல போயிடுச்சு. 189 பேர். 2009 ஜூன் 1, ரியோவுலருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447. அட்லாண்டிக் மேல பனித்துகள் குழாயை அடைச்சுது, வேகம் காட்டுற திரை தடுமாறிச்சு, ஆளுங்களும் தடுமாறினாங்க. 228 பேர். ஆத்துத் தண்ணியை அளக்க ஒரு பிரெஞ்சுக்காரர் விட்ட அதே குழாய்தான்.

அதனாலதான் சொல்றேன், மனக்கணக்கு திரையைத் தோக்கடிக்க இல்ல. திரை எப்பவும் உன்னைவிட நல்லாத்தான் கணக்குப் போடும். ஆனா அதுக்கு வர்ற காத்து சரியா தப்பான்னு அதுக்கே சில சமயம் தெரியாது. நீ திரையைப் பாக்கறதுக்கு முன்னாடி உன் தலையில ஒரு உத்தேசம் இருக்கணும். இந்த உசரம், மூக்கு இவ்ளோ தூக்கல், எஞ்சின் விசை இவ்ளோ, அப்ப முள்ளு இவ்ளோ காட்டணும், நெசம் இவ்ளோ இருக்கணும். அப்புறம் திரையைப் பாரு. ரெண்டும் பக்கத்துல இருந்தா சந்தோஷம். ரெண்டுக்கும் நடுவுல முப்பது நாப்பது நாட் வித்தியாசம் வந்தா, அந்த நிமிஷமே உனக்கு முழிப்பு வந்துடும். உத்தேசமே இல்லாதவனுக்கு எந்த எண்ணைப் பாத்தாலும் சரியாத்தான் தெரியும். பாத்துட்டு உத்தேசம் பண்றவன் பில்லைப் பாத்துட்டு விலை கேக்கறவன், அவனை எந்தக் கடைக்காரனும் ஏமாத்தலாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் குழாய்க்குச் செவப்பு நாடா தொங்கற உறையைக் கழட்டினியான்னு கையால தொட்டுப் பாரு. நிறுத்தறப்ப மாட்டினியான்னும் பாரு. அதுக்குக் கணக்குகூட வேண்டாம்.

சரி, கிழவனுக்குச் சோத்து நேரம் ஆச்சு. ஒரு கணக்கு போட்டுட்டு உள்ள வா. 10,000 அடி, முள்ளு 200, நேர் எதிர்க்காத்து 30, பெங்களூருக்கு இன்னும் 140 கடல் மைல், எத்தனை நிமிஷம்? நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள நாப்பதுன்னு சொல்லிட்டா, வஞ்சிரமீன் வறுவல்ல நடுத்துண்டு உனக்கு. விட்டத்தைப் பாத்துக்கிட்டு நின்னன்னா வாலுத்துண்டுதான். ஏன் நாப்பதுன்னு கேட்டா சொல்லத் தெரியலைன்னா அதுவும் இல்ல, ரசத்தை ஊத்திக்கிட்டு சாப்பிடு.